அட்டையில் இருந்த எண்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் ராஜரத்தினத்தை மணிமொழி நல்ல மனிதர் என்றுதான் நினைத்திருந்தாள்.

அடையாறு காந்தி நகரில் நவமணி ஓட்டலில் அவள் பரிமாறும் வேலைக்குச் சேர்ந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. சேர்ந்த புதிதில் வீடு கோட்டூர்புரத்தில், ஆற்றங்கரையில். நடந்தே வேலைக்கு வந்துவிடுவாள். குடிசைகளை எடுத்து எல்லோரையும் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்கு அனுப்பிய பிறகு இரண்டு பஸ் மாற வேண்டியிருந்தது. புருஷன் வேறொருத்தியோடு போய்விட்டான். மகள் ஜானு பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் இருந்த ஒரே நல்ல போன் ஜானுவின் பாடங்களுக்காக அவளிடமே இருக்கும். மணிமொழி இடுப்பில் ஒரு பழைய பட்டன் போனைச் செருகிக்கொண்டு வேலைக்கு வருவாள்.

ஓட்டல் சம்பளம் வந்த வாரமே அரிசிக்கும் கடனுக்கும் போய்விடும். மாதத்தின் மிச்ச நாட்களை ஓட்டியது சாப்பிட்டவர்கள் மேஜையில் வைத்துவிட்டுப் போகிற பத்தும் இருபதும்தான். பால், காய், ஜானுவின் ட்யூஷன், காய்ச்சல் மாத்திரை எல்லாம் அதில்தான். எல்லோரும் கல்லாவில் போனைக் காட்டிப் பணம் கட்ட ஆரம்பித்ததும் அது நின்றுபோனது. நல்லவர்கள்கூட, "சில்லறையே வச்சுக்கறதில்லம்மா" என்று சங்கடமாகச் சிரித்துவிட்டுப் போனார்கள். இருபது வருடமாக அங்கே பரிமாறிய ஷரஃபுதீன்தான் வழி சொன்னார். தன் போன் எண்ணுக்கான கியூஆர் அட்டையை ஆர்டர் எழுதும் நோட்டின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டார். மணிமொழியும் ஜானுவிடம் இருந்த போன் எண்ணுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டாள்.

முதலாளி கோதண்டபாணிக்கு அது தெரியவந்தபோது எல்லோரையும் சமையலறையில் நிற்க வைத்துத் திட்டினார். "சாப்பிட வர்றவங்ககிட்ட அட்டையை நீட்டிக்கினு நிக்கறீங்களா? இது ஓட்டலா, இன்னா? இனிமே எவன் கையிலயாவது பாத்தேன், அன்னிக்கே அனுப்பிருவேன்."

அட்டை நோட்டின் பின்பக்கத்திலிருந்து உள்பக்கத்துக்குப் போனது. அவ்வளவுதான்.

ராஜரத்தினம் நிலம் வாங்கி விற்கிறவர். ஐம்பது வயதுக்கு மேல். தினமும் காலை பத்து மணிக்கு வருவார். தும்பை வெள்ளைச் சட்டை, சந்தனப் பொட்டு. தன் ஆபீஸ் விசேஷங்களுக்கெல்லாம் நவமணியில்தான் சாப்பாடு சொல்வார் என்பதால் கோதண்டபாணியே எழுந்து வந்து கும்பிடு போடுவார். அவர்தான் ஒருநாள் மணிமொழியிடம், "உனக்குன்னு ஏதும் வச்சிருக்கியாம்மா?" என்று கேட்டார். அவள் கல்லாப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு நோட்டைத் திறந்து காட்டினாள். அன்று ஐம்பது. பிறகு நூறு. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் ஜானு குதிப்பாள். "இந்த அங்கிள் மறுபடியும் போட்டுக்கீறாரும்மா!"

அந்த வெள்ளிக்கிழமை ஜானு ஏதோ நினைவு வந்தவள் போல, "அந்த அங்கிள் வாட்ஸ்அப்ல பேசினாரும்மா" என்றாள்.

"எந்த அங்கிள்?"

"டிப்ஸ் போடுவாரே, அவருதான். நான் தேங்க்ஸ் அங்கிள்னு போட்டேன். நல்லாதான் பேசினாரு."

மணிமொழி போனை வாங்கிப் பார்த்தாள். முதலில் ஒரு கும்பிடு. பிறகு, நீ யாரும்மா, மகளா? அப்பா என்ன செய்கிறார்? அம்மா எத்தனை மணிக்கு வருவாங்க? அதுவரைக்கும் தனியாவா இருப்ப? வீடு எங்க? பெரும்பாக்கத்தில் எந்த பிளாக்? ஒவ்வொரு கேள்விக்கும் ஜானு பதில் போட்டிருந்தாள். பிளாக் எண், மாடி, கதவு எண். கூடவே ஒரு சிரித்த முகம். கடைசியாக அவர் எழுதியிருந்தது: "இதை அம்மாகிட்ட சொல்ல வேண்டாம். சர்ப்ரைஸ்."

மணிமொழி அந்தக் கடைசி வரியை மறுபடி படித்தாள். மகளைத் திட்டவும் வாய் வரவில்லை. அந்த எண்ணை பிளாக் செய்தாள். "யார் கூப்பிட்டாலும் எடுக்காத. யார் தட்டினாலும் கதவைத் தொறக்காத" என்றாள். ஏன் என்று ஜானு கேட்டதற்கு, "சொன்னா கேளு" என்றதோடு நிறுத்திக்கொண்டாள்.

சனிக்கிழமை விடுப்புக் கேட்டால் கிடைக்காது. ஜானுவுக்குப் பரீட்சைக்குப் படிக்கிற லீவு, நாள் முழுக்க வீட்டில்தான். மனமே இல்லாமல் கிளம்பி வந்தாள். பத்து மணி நெருங்க நெருங்க வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வரமாட்டார் என்று நினைக்கத் தொடங்கியபோது வந்தார். எப்போதும் போல ஜன்னலோரத்தில், அவள் பார்க்கும் மேஜையிலேயே உட்கார்ந்தார்.

"ஒரு பொங்கல், ஒரு வடை" என்றார் கனிவாக. அவள் எழுதும்போது குரலைத் தாழ்த்தினார். "ஏன் பிளாக் பண்ணிட்ட?"

அவள் நோட்டை மூடினாள்.

"எனக்கு பிளாக்னா உங்க வீட்டு பிளாக்தான் ஞாபகம் வருது. மூணாவது மாடி, இல்ல?" சிரித்தார். பக்கத்து மேஜைக்காரர்கள் பார்த்தால் ஏதோ சாம்பாரைப் பற்றிப் பேசுகிறார் என்றுதான் நினைப்பார்கள். "அந்தப் பக்கம் ஒரு மனை பாக்கப் போறேன் இப்ப. பாப்பாவுக்கு ஸ்வீட் வாங்கிட்டுப் போகட்டுமா?"

"வேணாம் சார். பொண்ணு சின்னப் பொண்ணு சார்."

"அப்ப நீ ஒழுங்காப் பேசு. இவ்வளவு நாள் குடுத்தேனே, சும்மாவா? உங்க முதலாளிக்கு அந்த அட்டை விஷயம் தெரியுமா? நான் சொல்லட்டுமா?"

சமையலறைக்கு எப்படிப் போனாள் என்று அவளுக்கே தெரியாது. பொங்கலை வேறொருவர் கொண்டுபோய் வைத்தார். பாத்திரம் கழுவும் தொட்டியின் பக்கத்தில் நின்றுகொண்டு ஜானுவுக்குப் போன் அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. மூன்றாம் முறையும் எடுக்கவில்லை.

எட்டிப் பார்த்தபோது ஜன்னலோர மேஜை காலியாக இருந்தது. பாதி தின்ற பொங்கல் அப்படியே கிடந்தது. வெளியே அவருடைய வெள்ளைக் கார் இல்லை.

"இன்னாச்சு தங்கச்சி? மூஞ்சி ஏன் இப்படிக் கீது?" என்றார் ஷரஃபுதீன்.

பாதி வார்த்தை, பாதி அழுகையாகச் சொன்னாள். அவர் கேட்டு முடிக்கும் முன்பே அவள் கையைப் பிடித்துக் கல்லாப் பக்கம் இழுத்தார். அவள் காலை ஊன்றிக்கொண்டாள். "அட்டை விஷயம் தெரிஞ்சா வேலை போய்டும்ணா. வேலை போச்சுன்னா நான் இன்னா பண்ணுவேன்?"

"என் நோட்டுலயும்தான் அட்டை கீது. போனா ரெண்டு பேரும் போவோம். இப்ப வா."

கோதண்டபாணி கல்லாவில் மதியச் சாப்பாட்டுக்கு டோக்கன் கிழித்துக்கொண்டிருந்தார். மணிமொழி ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் காதில் முதலில் விழுந்தது ஒன்றுதான். "அட்டையா? நான் அவ்ளோ சொல்லியும் அட்டை வச்சுக்கினு இருந்தியா?"

"ஆமா சார். வச்சுக்கினு இருந்தேன்." அவளுடைய குரல் ஓட்டல் முழுக்கக் கேட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். "அது இல்லாம என் பொண்ணுக்குப் பால் வாங்க முடியல சார். என்னை இன்னா வேணா பண்ணுங்க. இப்ப அந்த ஆளு என் வீட்டுக்குப் போய்க்கினு கீறான். பொண்ணு தனியா கீறா. போன் எடுக்க மாட்டேங்கறா."

கோதண்டபாணி ராஜரத்தினத்தின் எண்ணுக்கு அடித்தார். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. இன்னொரு முறை அடித்தார். பிறகு டோக்கன் கட்டை ஷரஃபுதீனிடம் தள்ளிவிட்டுக் கார் சாவியை எடுத்தார்.

கார் கிளம்பியதும் மணிமொழி பக்கத்து வீட்டுப் புஷ்பத்துக்குப் போன் செய்தாள். புஷ்பம் மீன் வாங்கக் கீழே போயிருந்தாள். "அக்கா, எங்க வீட்டாண்ட போ. ஜானு கீறாளான்னு பாரு. யாரையும் உள்ள விடாத" என்றாள். ஏன் எதற்கு என்று கேட்காமல், "தோ போறேன்" என்று புஷ்பம் வைத்துவிட்டாள்.

பழைய மகாபலிபுரம் சாலையில் ஒவ்வொரு சிக்னலிலும் கார் நின்றது. கோதண்டபாணி ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். மணிமொழி போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். ஜானு பிறந்தபோது ஆஸ்பத்திரியில் அவளைக் கொஞ்ச நேரம் வேறு அறைக்குக் கொண்டுபோனார்கள். அன்றைக்குப் பிறகு அவ்வளவு பயந்தது இன்றுதான் என்று அவளுக்குத் தோன்றியது.

சோழிங்கநல்லூர் தாண்டும்போது போன் அடித்தது.

"மணி, ஒரு ஆளு உன் கதவாண்ட நின்னுக்கினு கீறான்." புஷ்பத்துக்கு மூச்சு வாங்கியது. லிப்ட் வேலை செய்யவில்லை, படி ஏறி வந்திருக்கிறாள். "வெள்ளைச் சட்டை. கையில ஸ்வீட் டப்பா. கதவைத் தட்டிக்கினே, அம்மா அனுப்பினாங்க பாப்பான்னு சொல்லிக்கினு கீறான். நீயா அனுப்பின?"

"இல்லக்கா! அனுப்பல! அவனை விடாதக்கா!"

அந்தப் பக்கம் புஷ்பத்தின் குரல் உயர்ந்தது. "யோவ், யாருய்யா நீ? இன்னா வேணும்?" ஏதோ விழுகிற சத்தம். அத்தோடு போன் நின்றது.

மறுபடி அடித்தால் எடுக்கவில்லை. மிச்சமிருந்த பத்து நிமிடத்தில் மணிமொழி மனசுக்குள் எதை எதையெல்லாமோ பார்த்துவிட்டாள். கார் நிற்பதற்குள் கதவைத் திறந்து இறங்கி ஓடினாள்.

மூன்றாவது மாடி நடையில் ஏழெட்டுப் பெண்கள் நின்றிருந்தார்கள். அவளுடைய வீட்டுக் கதவு மூடியே இருந்தது. தரையில் ஸ்வீட் டப்பா திறந்து, லட்டுகள் சிதறிக் கிடந்தன. புஷ்பத்தின் முழங்கையில் சிராய்ப்பு.

"தள்ளி விட்டுட்டு ஓடிட்டான். விழுந்ததுல போன் எங்கயோ போச்சு. கீழ் வீட்டு மதுமதி கார் நம்பரைப் போட்டோ புடிச்சிட்டா. பொண்ணு உள்ளதான் கீறா, தொறக்க மாட்டேங்கறா. நான் கூப்ட்டும் தொறக்கல."

மணிமொழி கதவில் வாயை வைத்தாள். "ஜானு. அம்மாடி. அம்மாதான். தொற."

ரொம்ப நேரம் எந்தச் சத்தமும் இல்லை. பிறகு பாத்ரூம் தாழ்ப்பாள் விலகுவது கேட்டது. அதன் பிறகு வாசல் தாழ்ப்பாள். ஜானு நின்றிருந்தாள். முகம் வெளுத்து, சுடிதார் வியர்வையில் நனைந்திருந்தது. காலையிலிருந்து தெரியாத எண்ணிலிருந்து போன் வந்துகொண்டே இருந்ததால் சத்தத்தை நிறுத்தித் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டாளாம். கதவு தட்டியதும் பாத்ரூமுக்குள் போய் உட்கார்ந்துவிட்டாளாம். அதைச் சொல்லி முடிக்க அவளுக்கு நெடுநேரம் ஆனது.

"நான்தானேம்மா பிளாக் நம்பர் சொன்னேன்."

"நீ தேங்க்ஸுன்னு சொன்ன. அதுல தப்பு இல்ல. அதை வச்சு வூடு தேடி வந்தவன்தான் தப்பு." மணிமொழி மகளை இறுக்கிக்கொண்டாள். 

அன்றைக்கே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். எழுதிக்கொண்டிருந்த அதிகாரி தலை நிமிராமல், "உங்க நம்பர் அவர்கிட்ட எப்படிப் போச்சு?" என்று கேட்டார். மணிமொழி வாய் திறக்கும் முன்பு, ஓரமாக நின்ற கோதண்டபாணி சொன்னார்: "டிப்ஸுக்கு சார். என் ஓட்டல்ல அதுக்கு நேர்வழி எதுவும் வைக்கல. ஒளிஞ்சு வாங்கற மாதிரி ஆயிடுச்சு." சொல்லும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை.

போனில் இருந்த செய்திகளும் கார் படமும் புஷ்பத்தின் காயமும் இருந்ததால் வழக்குப் பதிவானது. ராஜரத்தினம் வக்கீலோடு வந்து, எல்லாம் அன்பால் செய்தது என்றார். மணிமொழியையோ மகளையோ நெருங்க மாட்டேன் என்று எழுதி வாங்கினார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது. ஜானு பரீட்சை எழுதினாள். கணக்கில் நினைத்த மார்க் வரவில்லை. போன் எண்ணை மாற்றிவிட்டார்கள். அம்மா வரும்வரை அவள் புஷ்பம் வீட்டில் இருக்கிறாள்.

கோதண்டபாணி மணிமொழியை வேலையை விட்டு அனுப்பவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. பெரிய ஆர்டர் ஒன்று கையை விட்டுப் போனதை இரண்டு மூன்று முறை அவள் காதுபடச் சொன்னார். ஆனால் அடுத்த வாரம் கல்லாவின் பக்கத்தில் ஒரு பலகை வந்தது. பரிமாறுகிறவர்களுக்குக் கொடுக்க விரும்பினால் இங்கே கொடுக்கலாம் என்று எழுதி, ஓட்டல் பெயரில் ஒரு கியூஆர். வருவதை வாராவாரம் எல்லோருக்கும் பிரித்துத் தரும் வேலை ஷரஃபுதீனுடையது.

போன வாரம் கைக்குழந்தையோடு ஒரு பெண் தனியாகச் சாப்பிட வந்தாள். குழந்தை அழுதுகொண்டே இருந்தது. அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை மணிமொழிதான் அதைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். கிளம்பும்போது அந்தப் பெண், "உங்க நம்பர் சொல்லுங்கக்கா, ஏதாவது அனுப்பறேன்" என்றாள்.

 அந்தப் பெண்ணின் முகத்தில் நன்றியைத் தவிர ஒன்றும் இல்லை. அது தெரிந்தும் மணிமொழியின் கால் ஓர் அடி பின்னால் போனது.

"என் நம்பர் வேணாம்மா. அதோ, அந்தப் பலகைல போடுங்க."

"அது உங்களுக்கு வந்து சேருமா?"

"எனக்கும் வரும். உள்ள பாத்திரம் கழுவறவங்களுக்கும் வரும்."

அந்தப் பெண் பலகையின் முன்னால் நின்று போனை நீட்டினாள். பணம் வந்ததைக் கல்லாவில் இருந்த மெஷின் உரக்கச் சொன்னதும் மணிமொழிக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுவரில் கை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். அதற்குள் அடுத்த மேஜையில் யாரோ தண்ணீர் கேட்டார்கள்.