தமிழ் நேர்ஸ்

மெல்பேர்னின் நோபல் பார்க்கில் யோகராணிக்குத் தெரியாத யாழ்ப்பாணக் குடும்பம் இல்லை. தன் மகன் தனோஜன் ஊசியில் ஹெரோயின் ஏற்றுகிறவன் என்பது மட்டும் அவர்களில் ஒருவருக்கும் தெரியக்கூடாது. மகள் வினுஷாவுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது.

தனோஜன் ரயிலேறி றிச்மண்டுக்குப் போய், அரசாங்கம் இதற்கென்றே திறந்து வைத்திருக்கும் நிலையத்தில்தான் ஊசி போடுவான். பக்கத்தில் நேர்ஸ்மார் நிற்பார்கள். மூச்சு நின்றால் மருந்து கொடுத்து எழுப்புவார்கள். யோகராணியும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருந்தாள். ஒருநாள் அவன் வாய்தவறிச் சொல்லிவிட்டான்.

"அங்க ஒரு தமிழ் நேர்ஸும் நிக்கிறா, அம்மா."

"ஐயோ! ஆற்றை பிள்ளை? எந்த ஊராம்?"

"நோ ஐடியா. ரெண்டு தரம் என்னை எழுப்பினதே அவதான்."

எழுப்பியது அவள் காதில் ஏறவேயில்லை. "இனி அங்க போகாதை. வீட்டிலையே போடு, நான் கதவடியில நிக்கிறன்."

பெற்றவள் சொல்லக்கூடிய பேச்சா அது? சொன்னாள். ஊர்வாய்க்கு அவ்வளவு பயம்.

அதன்பிறகு அவன் பாத்ரூமுக்குள் இருப்பான், அவள் வெளியே கதிரை போட்டு உட்கார்ந்திருப்பாள். "தம்பி?" என்பாள். உள்ளேயிருந்து "ஓம்" வரும். அதைக் கேட்டால்தான் அவளுக்கே மூச்சு வரும்.

அன்று மாப்பிள்ளையின் தாய் ஃபோனில் அழைத்தாள். மகன் காதில் விழக்கூடாதென்று யோகராணி குசினிக்குள் போனாள். "மகனோ? ஐடியில வேலை. நல்ல பிள்ளை" என்று கூசாமல் அளந்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"தம்பி?"

ஓம் வரவில்லை. கதவை உடைத்தபோது உதடு நீலமாகிக் கிடந்தான். ஆம்புலன்ஸில் வந்தவர்கள் எவ்வளவோ முயன்றார்கள். எழும்பவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு அவள் தனியே றிச்மண்டுக்குப் போனாள். நிலையத்தின் வாசலில் நின்று தமிழ் நேர்ஸைக் கேட்டாள். பார்கவி என்ற இளம்பெண் வெளியே வந்தாள்.

"நீர் எந்த ஊர், பிள்ளை?"

"மதுரைம்மா. உங்க ஆளுங்க யாரையும் எனக்குத் தெரியாதே."

யோகராணி கைப்பையைத் திறந்தாள். ஃபோனில் மகனின் படத்தை எடுத்து நீட்டினாள். "இவனைத் தெரியுமே? நீர் எழுப்பின பிள்ளை. இப்ப இல்லை."

படத்தைப் பார்த்ததும் பார்கவியின் கண்கள் நிறைந்துவிட்டன. ஆனாலும் இல்லையென்று தலையசைத்தாள். "மன்னிச்சிடுங்கம்மா. இங்க யார் வர்றாங்கன்னு நாங்க வெளியில சொல்லமாட்டோம்."

"பெத்த தாய்க்குமோ?"

"யாருக்குமே சொல்லமாட்டோம்மா."