முப்பத்தொரு மில்லிமீட்டர்

கொல்லைப்புற எல்லைக் கல்லின் முன்னால் முழங்காலிட்டு லென்ஸைக் கண்ணருகே கொண்டுபோனதும், சித்தப்பா வீட்டுச் சமையலறை ஜன்னலில் திரை அசைந்தது. திரையை அசைக்கிற அளவுக்கு அன்று காற்று இல்லை. கல்லைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்கு யாரோ காலையில்தான் பெருக்கியிருந்தார்கள். விளக்குமாற்றின் கீறல்கள் மண்ணில் அப்படியே இருந்தன. மற்ற இடமெல்லாம் சருகு மண்டிக் கிடக்க, இந்த ஒரு முழத்துக்கு மட்டும் என்ன மரியாதை? மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

அந்தச் சமையலறைதான் சண்டைக்கே காரணம். போன வருடம் சித்தப்பா அதைக் கல்லை ஒட்டி நீட்டிக் கட்டினார். பத்திரத்தில் உள்ள அளவுப்படி கல் இரண்டடி எங்கள் பக்கம் தள்ளி நிற்கிறது. நான்கு வருடத்துக்கு முன்னால் அப்பா சாகக் கிடந்தபோது சித்தப்பாதான் கல்லைப் பிடுங்கி நகர்த்தி நட்டார் என்பது அம்மாவின் கட்சி. சித்தப்பா பதிலுக்கு ஒரே வாக்கியம்தான் சொன்னார். “அது அண்ணன் நட்ட கல்லு.” செத்தவரைச் சாட்சிக்கு இழுத்தால் யார் போய்க் கேட்பது? நில அளவைக்காரர் மறுநாள் காலை பத்து மணிக்கு வருவதாக இருந்தது. கல் ரொம்ப காலமாக அங்கேயே இருப்பதுதான் என்று தெரிந்தால் கட்டடம் இருக்கலாம், சமீபத்தில் நகர்த்தியது என்றால் இடித்துத்தான் ஆகவேண்டும் என்று இரண்டு வீட்டிலும் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அதற்காகத்தான் அம்மா என்னை விடுப்பு போட வைத்து வரவழைத்திருந்தாள். நான் அருங்காட்சியகத்தில் லைக்கன் பிரிவில் வேலை பார்க்கிறேன். கல்லிலும் மரப்பட்டையிலும் தேமல் மாதிரி படர்ந்திருக்குமே, அது. அம்மா அக்கம்பக்கத்தில் என்னைப் பாசி டாக்டர் என்று சொல்லி வைத்திருக்கிறாள். வந்து இறங்கிய அன்றே, வாய் சும்மா இருக்காமல், சாப்பிடும்போது அவளுக்குப் பாடம் எடுத்தேன்.

“அது வெறும் பாசி இல்லம்மா. ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேந்து நடத்துற குடித்தனம். பூஞ்சை வீடு கட்டித் தரும், ஈரத்தப் புடிச்சு வைக்கும். பாசி வெயில வச்சுச் சமைச்சு ரெண்டு பேருக்கும் சோறு போடும். மொட்டப் பாறைல மொதல்ல குடியேறுறதே இதுங்கதான். இதுங்க அரிச்சுத்தான் கல்லு கொஞ்சங்கொஞ்சமா மண்ணாகுது.”

“ஒருத்தன் உக்காந்துகிட்டு எடத்தப் புடிக்கணும், ஒருத்தி வெந்துகிட்டு ஆக்கிப் போடணும். எல்லா வீட்லயும் அதான?” என்றாள் அம்மா. “சரி, வயசு எப்படிப் பாப்ப?”

அதையும் சொன்னேன். இந்த ஊர்க் கல்லறைகளில் தேதி வெட்டியிருக்கும். அதன் மேல் வளர்ந்திருக்கும் வட்டங்களை அளந்து, ஒருவகை மஞ்சள் லைக்கன் வருடத்துக்கு ஒன்றேகால் மில்லிமீட்டர் அகலம் கூடுகிறது என்று நாங்கள் கணக்கு வைத்திருக்கிறோம். அம்மா தட்டில் விரலை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தாள். புரிந்துகொள்கிறாளே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கல்லின் அடியைச் சுற்றி சிமெண்டு பூசி இறுக்கியிருந்தது. அந்தப் பூச்சுக்கு நான்கு வயது என்றால் அதன் மேல் பெரிதாக எதுவும் இருக்கக் கூடாது. கடுகளவு புள்ளிகள் இருந்தால் உண்டு. லென்ஸை இறக்கினேன். மஞ்சள் வட்டம் ஒன்று சிமெண்டில் பாதியும் கல்லில் பாதியுமாகப் படர்ந்திருந்தது. இணைப்புக் கோட்டில் ஒரு விரிசல்கூட இல்லை. அது முளைத்த பிறகு கல்லை அசைத்திருந்தால் வட்டம் இரண்டாகப் பிளந்திருக்கும். ஒருவேளை பெயிண்டாக இருக்குமோ, என்னை ஏமாற்ற யாராவது பூசி வைத்தார்களோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன். தண்ணீர் ஒரு சொட்டு விட்டதும் மஞ்சளுக்கு அடியிலிருந்து பச்சை எழும்பி வந்தது. பெயிண்டு இப்படி உயிர்பெறாது. மூன்று முறை அளந்தேன். முப்பத்தொரு மில்லிமீட்டர். இருபத்தைந்து வருடத்துக்குக் குறையாது. எனக்கு அப்போது நான்கு வயது. அப்பா கொத்தனார் வேலையில் ஓடியாடிக்கொண்டிருந்த காலம். சித்தப்பா சொன்னது உண்மை. போன வருடத்திலிருந்து அவரைத் தெருவில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதை நினைத்து எனக்குக் கூசியது.

அன்று மாலை அம்மாவிடம் எண்ணைச் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“கல்லச் சுத்திப் பெருக்கியிருந்தாங்களே, சித்தியா?”

“நீ உக்காருவேன்னு நாந்தான் பெருக்குனேன். இருபத்தஞ்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியுமா?”

“கூட இருக்கலாம். கொறையாது.”

அம்மா இன்னும் இரண்டு துணி மடித்து அடுக்கினாள். பிறகு, “நாளைக்கு அளக்க வர்றவருக்கு இதெல்லாம் தெரியுமா?” என்றாள்.

“நான் காட்டுனாத்தான் தெரியும்.”

“உங்க சித்தப்பன் கெட்டிக்காரன்” என்று மட்டும் சொல்லிவிட்டுத் துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அப்பா தனக்குத் தெரியாமல் தம்பிக்கு விட்டுக்கொடுத்துவிட்டார் என்ற வருத்தம் என்று நினைத்தேன். ஆனால் வருத்தப்படுகிறவள் ஒரு கேள்வியாவது கேட்பாள். யார் நட்டது, ஏன் நட்டார் என்று அவள் கேட்கவே இல்லை. அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

இரவெல்லாம் புரண்டதில் காலையில் எழ ஒன்பதரை ஆகிவிட்டது. பின்கதவு திறந்திருந்தது. வறட், வறட்டென்று சத்தம். அம்மா கல்லின் முன்னால் குந்தியிருந்தாள். கையில் அப்பாவின் சாமான் பெட்டியிலிருந்து எடுத்த கம்பி பிரஷ், பக்கத்தில் பிளீச்சிங் பவுடர் கரைத்த வாளி. கல் நேற்று வெட்டிக் கொண்டுவந்து போட்டது மாதிரி வெளுத்திருந்தது. வட்டம் இருந்த இடத்தில் ஈரமும் கீறலும்தான் மிச்சம்.

“என்னம்மா பண்ற?”

“அழுக்கா இருந்துச்சு.”

“அப்பா நட்டதுன்னு உனக்கு முன்னாடியே தெரியும், இல்ல?”

அவள் பிரஷ்ஷை நிறுத்தவில்லை. “சிமெண்டு வெடிக்கக் கூடாதுன்னு ஏழு நாளு காலையும் சாயங்காலமும் தண்ணி ஊத்தினதே நாந்தான்.”

இவ்வளவு அறிந்தவள் அந்தத் தட்டின் முன்னால் உட்கார்ந்து வயசு எப்படிப் பார்ப்பாய் என்று என்னைக் கேட்டிருக்கிறாள். சிமெண்டுப் பூச்சை மட்டும் பார்த்து, கல் புதிதாக நட்டது என்று மகள் சொல்லிவிடுவாள் என்று நம்பித்தான் என்னை வரவழைத்திருக்கிறாள்.

“பாகம் பிரிச்சப்ப பெரிய பங்கு நமக்கு வந்துருச்சேன்னு உங்கப்பாவுக்கு உறுத்தல். ரெண்டடி குடுத்துருவோம்னாரு. நானும் சரின்னேன். மனசாரத்தான் சொன்னேன்.” இப்போது பிரஷ் நின்றது. “அவரு ஏழு மாசம் படுக்கையில கெடந்தாரு. ஒவ்வொரு நாளும் வாசல் பக்கம் தலையத் திருப்பி வச்சுக்கிட்டுக் கெடந்தாரு. உங்க சித்தப்பா ஒருநாளு, ஒரே ஒருநாளு வந்து எட்டிப் பாத்திருந்தா நான் இந்தக் கல்லப் பத்தி வாயத் தெறந்திருப்பனா?”

அப்பா அப்படிக் கிடந்தது எனக்கும் தெரியும். வெளிச்சம் வேண்டியிருக்கிறது போல என்று நினைத்திருந்தேன்.

“போட்டோ எடுத்திருக்கியா?”

“எடுத்திருக்கேன்.”

அழித்துவிடு என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், எனக்கும் சுலபமாக இருந்திருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் குழாயடியில் விழுந்துகொண்டிருந்த தண்ணீர்ச் சத்தம் நின்றது. அது எப்போதிலிருந்து விழுந்துகொண்டிருந்தது, நாங்கள் பேசியதில் எவ்வளவு அங்கே கேட்டது, தெரியவில்லை. அம்மாவும் தலையைத் தூக்கிக் காது கொடுத்தாள். அப்புறம் வாளியை நகர்த்திவிட்டு, எழுந்திருப்பதற்காகக் கையை என்னிடம் நீட்டினாள். விரலிடுக்கெல்லாம், நகக்கண்ணெல்லாம் மஞ்சள் தூள். பத்து மணிக்கு இன்னும் கால்மணி நேரம் இருந்தது. நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.