பெட்டியை வைத்தவள்

பூங்கா வாசலில் வந்தவர்களுக்கு ஆட்டத்தை விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் மெஹக்கின் போனுக்கு அவளுடைய படமே வந்து சேர்ந்தது. அனுப்பியவன் அவளுடைய சித்தி மகன் அஜ்மல். ‘இது நீதானே?’ என்று கேட்டிருந்தான்.

படத்தில் அவள் புங்கமரத்தடியில் மண்டியிட்டிருந்தாள். கீழே எழுதியிருந்தது: ‘பர்தா போட்ட பெண் நம் பூங்காவில் மர்மப் பெட்டி புதைக்கிறாள். உஷார். எல்லோருக்கும் அனுப்பவும்.’

அவள் பர்தா போடுவதில்லை. நேற்று சாயங்காலம் தூறல் விழுந்ததால் துப்பட்டாவைத் தலைக்கு மேல் இழுத்து விட்டிருந்தாள். அவ்வளவுதான்.

பூந்தமல்லியைத் தாண்டி இருக்கும் ஒரு குடியிருப்பின் பூங்கா அது. மெஹக் பிறந்து வளர்ந்த தெரு அதன் பின்சுவரை ஒட்டியே இருந்தது. திருமழிசையில் ஒரு தொழிற்சாலையில், தயாரான உதிரிபாகங்களைச் சோதிக்கும் பிரிவில் அவளுக்கு வேலை. கூட வேலை செய்யும் சந்தோஷும் அதே பகுதிக்காரன்தான். ஜியோகேச்சிங் என்ற தேடல் ஆட்டத்தை அவளுக்குப் பழக்கிவிட்டவன் அவன். ஒருவர் ஒரு சின்னப் பெட்டியை எங்காவது ஒளித்துவைத்து, அந்த இடத்தின் ஜி.பி.எஸ். எண்களைச் செயலியில் போடுவார். மற்றவர்கள் போனைப் பார்த்துத் தேடி வந்து, உள்ளே இருக்கும் தாளில் பெயரெழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவார்கள்.

இருவரும் சேர்ந்து இந்தப் பூங்காவுக்குப் பல கட்டங்கள் வைத்து ஒரு தேடல் நடையை உருவாக்கியிருந்தார்கள். வாசல் கல்வெட்டில் இருக்கும் திறப்பு விழாத் தேதியிலிருந்து அடுத்த இடத்தைக் கணக்குப் போட வேண்டும். அந்த இடம் ஒரு சிமெண்ட் பெஞ்ச். அதன் அடியில் சந்தோஷ் ஒளித்த மாத்திரை டப்பாவில் அடுத்த துப்பு. அங்கிருந்து சறுக்குமரத்துக்கு, சறுக்குமரத்திலிருந்து புங்கமரத்துக்கு. புங்கமரத்தின் வேர்ப் பொந்தில் மெஹக் வைத்த பெட்டி. மழைத் தண்ணீர் உள்ளே போயிருக்குமோ என்று பார்க்கத்தான் நேற்று அவள் குனிந்தது.

அன்று அம்பத்தூரிலிருந்தும் முகப்பேரிலிருந்தும் சிலர் வந்திருந்தார்கள். முகப்பேரிலிருந்து வந்த நிஷாவை மெஹக் அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறாள். எல்லோரும் கல்வெட்டின் முன்னால் நின்று எண்களைக் கூட்டிக்கொண்டிருக்கும்போதே ஒரு போலீஸ்காரர் பைக்கில் வந்து இறங்கினார். அவருக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்து வந்தவர் ரகுநாதன். பூங்காவில் காலை நடை போகிறவர்களின் சங்கத்துக்குச் செயலாளர். அந்தப் படத்தை எடுத்துச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் முதலில் போட்டதும் அவர்தான்.

“இவங்கதான் சார்,” என்று மெஹக்கைக் காட்டினார்.

மெஹக்குக்கு முதலில் கோபம்கூட வரவில்லை. ஆச்சரியம்தான் வந்தது. அவளுடைய அத்தா பக்கீர் முகமதுவின் ஹார்டுவேர் கடைக்குத்தான் ரகுநாதன் குழாய்க்கும் தாழ்ப்பாளுக்கும் வருவார். பள்ளிக்கூட யூனிபார்மோடு கல்லாவில் உட்கார்ந்து அவருக்குச் சில்லறை கொடுத்தவள் அவள்.

“அங்கிள், என்னைத் தெரியலயா?”

“தெரிஞ்சவங்க, தெரியாதவங்கன்னு பார்க்க முடியுமாம்மா? பொது இடம்.”

“தெரிஞ்சும் படம் புடிச்சீங்களா? கூப்பிட்டு இன்னான்னு கேட்டிருக்கலாமே!”

அவர் போலீஸ்காரர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“ஆதார் கார்டு கைல கீதா? எடும்மா,” என்றார் போலீஸ்காரர்.

சந்தோஷ் முன்னால் வந்தான். “சார், இது ஒரு வெளையாட்டு. பெஞ்சுக்கு அடில டப்பா வெச்சது நான்தான்.”

“சரிப்பா, நீ ஓரமா நில்லு.”

பெஞ்சின் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சந்தோஷின் பெயரையும் கேட்கவில்லை. மெஹக்கிடம் மட்டும் பெயர், வீடு, வேலை, அப்பா பெயர், அண்ணன் தம்பி உண்டா, வெளியூர் போய் வருவதுண்டா என்று வரிசையாகக் கேட்டார். அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். நடக்க வந்தவர்கள் வட்டமாக நின்று போனில் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

புங்கமரத்துக்குப் போனதும் போலீஸ்காரர் கையை நீட்டி எல்லோரையும் பின்னால் தள்ளினார். “தள்ளிப் போங்க, தள்ளிப் போங்க.” பிறகு அவளிடம், “நீ போய்த் தொறம்மா.”

அவளுக்கு அப்போதுதான் சுருக்கென்றது. உள்ளே இருப்பது வெடிக்கும் என்று நினைக்கிறார்கள். வெடித்தால் அவளோடு போகட்டும் என்று நினைக்கிறார்கள். திரும்பிப் பார்த்தாள். சந்தோஷும் மற்றவர்களோடு பின்னால்தான் நின்றிருந்தான்.

பெட்டியை எடுத்துத் திறந்து தலைகீழாகக் கவிழ்த்தாள். ஒரு பென்சில், சுருட்டிய தாள், பிளாஸ்டிக் டைனோசர், ரெண்டு கோலி, ஒரு சாவிக்கொத்து விழுந்தன. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோருமே சிரித்தார்கள்.

“எல்லாம் நம்ம பாதுகாப்புக்குத்தானேம்மா. மனசுல வெச்சுக்காத,” என்றார் ரகுநாதன்.

“அந்த ‘நம்ம’ல நான் கீறேனா அங்கிள்?”

அவர் முகம் சிவந்தது. குழுவிலிருந்து படத்தை எடுத்துவிடும்படி அவள் சொன்னதற்கு, அது நாலு பக்கமும் போய்விட்டது, இனி எடுத்து என்ன ஆகப்போகிறது என்றார். நடந்தது தவறு என்று அதே குழுவில் எழுதச் சொன்னதற்குக் கையை வீசிக்கொண்டு நடையைத் தொடர்ந்தார்.

சந்தோஷ் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான். “உடு மெஹக். பெருசு பண்ணாத. பெட்டிய எடுத்துக்கினு போயிடலாம்.”

“பெருசு பண்ணது நானா? ரெண்டு பேரும்தானே வெச்சோம்? உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாங்களா?”

 அவள் சிதறியவற்றைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டு, பெட்டியைப் பொந்திலேயே வைத்துவிட்டு, நேராகக் காவல் நிலையத்துக்கு நடந்தாள். கூட வந்தது நிஷா மட்டும்தான்.

சப் இன்ஸ்பெக்டர் அவள் எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். “வயசானவரு. ஏதோ பயத்துல போட்டுட்டாரு. இதுக்கெல்லாம் புகாரா?”

“என் படம் சார் அது. அதுக்குக் கீழ எழுதியிருக்கறது பொய்.”

“நான் முழுசா பார்த்தேன் சார். சாட்சி சொல்றேன்,” என்றாள் நிஷா.

அவர் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. மதியத்துக்கு மேல் பக்கீர் முகமது கடையை அப்படியே விட்டுவிட்டு வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார்.

“ஊட்டுக்கு வாம்மா. நாம இங்கதான பொழைக்கணும்?”

“இங்கதான் பொழைக்கணும்னுதான் அத்தா உக்காந்துகினு கீறேன்.”

 அவரும் அவள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். அதற்கப்புறம் எழுந்திருக்கவில்லை.

கடைசியில் புகாருக்கு ரசீது கிடைத்தது. மறுநாள் அவளையும் ரகுநாதனையும் நிலையத்துக்குக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர் குழுவில் போடப்போவதாகச் சொல்லி ஒன்றைக் காட்டினார். ‘யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்.’

“போதுமாம்மா?” என்றார் சப் இன்ஸ்பெக்டர்.

“யாருடைய மனசுன்னு போட்டா இன்னா அர்த்தம் சார்? எனக்குப் பேர் இல்லையா?”

ரகுநாதன் அங்கேயே உட்கார்ந்து மறுபடி தட்டினார். பக்கீர் முகமதுவின் மகள் மெஹக் வைத்தது விளையாட்டுப் பெட்டி, விசாரிக்காமல் அவருடைய படத்தைப் பரப்பியது என் தவறு என்று எழுதினார். ‘என் தவறு’ என்ற இடத்தில் அவர் விரல் நின்று நின்று போனது. அவள் ஒவ்வொரு எழுத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அனுப்பிய பிறகுதான் எழுந்தாள்.

அந்த வருத்தம் அந்தக் குழுவைத் தாண்டி எங்கும் போகவில்லை. படம் போனது. பத்து நாள் கழித்து அவளுடன் படித்த சுவேதா ஆவடியிலிருந்து போன் செய்தாள். அதே படம், அதே துப்பட்டா, ஆனால் இப்போது ‘ஆவடி பூங்காவில்’ என்று எழுதியிருந்ததாம். மெஹக்குக்கு அழுகை இல்லை, ஆத்திரம்.

சாப்பாட்டு இடைவேளையில் சுவேதா அனுப்பிய படத்தோடு சந்தோஷிடம் போனை நீட்டினாள். அன்றைக்குப் பிறகு வேலைக்கு வேண்டியதைத் தவிர அவனோடு அவள் பேசியதே இல்லை. அவன் படத்தைப் பார்த்தான். 

“அன்னிக்கு நானும் பின்னாடி போய் நின்னேன் இல்ல?”

“ஆமா. நின்ன.”

அவன் டிபன் பாக்ஸை மூடினான். “வண்டி வெளிய கீது. ஆவடிக்குப் போய்ப் புகார் குடுத்துட்டு வந்துடலாம். வா.”

“அங்கயும் பெட்டிய யார் வெச்சதுன்னு கேப்பாங்க.”

“நானும் சேர்ந்துதான் வெச்சேன்னு சொல்றேன். என் பேரை எழுதற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்.”

மெஹக் சூப்பர்வைசரிடம் இருவருக்கும் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்து வண்டியில் ஏறிக்கொண்டாள். அவன் மேல் இருந்த கோபம் இன்னும் தீர்ந்துவிடவில்லை. அதை அவனிடம் சொல்லவும் செய்தாள். அவன் சரி என்று தலையாட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.