வைக்கோல் இல்லாத வளைவு

அன்று மதியம் காபிக் கடையில் இருந்தவர்கள் நான்கு பேர்: கடைக்காரி குரோச்சிஃபீசா, முடிதிருத்தும் கந்தோல்ஃபோ, ஜெர்மனியிலிருந்து வந்திருந்த ஆகத்தா, அவளுடைய பெரியப்பா பல்தசாரே குத்ரேரா. எண்பத்தோரு வயதிலும் பல்தசாரே நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்திருந்தார்.

மேசைமேல் ஒரு தாள். சிசிலியின் அந்த மலையூர் வழியாக ஓடிய கார் பந்தயம் நின்று நாற்பத்தெட்டு வருடமாகிவிட்டது. அதற்காக உழைத்த ஊர்க்காரர்களின் பெயர்களை இப்போது கல்லில் வெட்டப்போகிறார்கள். கொடி காட்டியவர்கள், சாலையைப் பெருக்கியவர்கள், வைக்கோல் கட்டு அடுக்கியவர்கள் என்று முப்பத்தொரு பேர். ஆகத்தா இரண்டு முறை படித்தாள்.

"எங்கப்பா பேரு இல்லியே."

"நுன்சியோ பேரா?" கந்தோல்ஃபோ சிரித்தார். "ஏம்மா, பந்தயத்த நிறுத்துன ஆளுக்கே கல்லு வெக்கணுமா? பல்தசாரே ஐயா, நீங்க தப்பா நெனக்காதீங்க."

"ஒங் கத்தரிக்கோலாவது அப்பப்ப மூடும்" என்றாள் குரோச்சிஃபீசா.

ஊரறிந்த கதைதான். பந்தயத்துக்கு முந்தின நாள் சாலை வளைவிலுள்ள வீடுகளெல்லாம், கார் மோதினால் தாங்கட்டும் என்று, சுவரோரம் வைக்கோல் கட்டுகளை அடுக்கும். முடிந்ததும் திரும்ப எடுத்துக்கொள்ளும். அந்த வருடம் குத்ரேரா வீட்டு மூலையில் காலையிலேயே கட்டுகள் இல்லை. சிவப்புக் கார் ஒன்று வெறும் கல்லில் மோதியது. ஓட்டியவன் அங்கேயே செத்தான். அதற்குப் பிறகு பந்தயமே நடக்கவில்லை. வைக்கோல் பொறுப்பு இளையவன் நுன்சியோவுடையது. தன் கோவேறு கழுதைக்குத் தூக்கிப்போய்விட்டான் என்றார்கள். யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. இலையுதிர் காலத்தில் ஜெர்மனிக்கு ரயிலேறினான். இந்த ஜனவரியில் மன்ஹைமில் இறந்தான்.

"அப்பா கடைசி வரைக்கும் யாரையும் கொற சொல்லல, பெரியப்பா."

சொல்லமாட்டான். முதல் கடிதத்தில் மட்டும், 'நான் எப்போது வரட்டும்?' என்று கேட்டிருந்தான். பல்தசாரே ஆலிவ் விளைச்சல் பற்றி ஐந்து வரி எழுதி அனுப்பினார். அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் எழுதவில்லை. வீட்டு விஷயம் வெளியே போகக்கூடாது என்பதைக் கௌரவம் என்று நம்பியிருந்தார்.

"என்ன இருந்தாலும், அன்னிக்கு அந்தக் கழுத நல்லாத்தான் தின்னுருக்கும்" என்றார் கந்தோல்ஃபோ.

பல்தசாரே எழுந்து நின்றார்.

"கழுத ஒண்ணும் திங்கல. நுன்சியோ ஒழுங்காத்தான் அடுக்கியிருந்தான். பத்திரிகைக்காரங்க படம் எடுக்க வர்றாங்கன்னு சொன்னாங்க. சுவத்துல செதுக்குன எங்க வீட்டுப் பேர வைக்கோல் மறைச்சுது. எடுத்துப் போட்டவன் நான்."