மணல்மேட்டில் ஓர் ஆரஞ்சுக் கொடி

ராய்ஸ் வாரம் முழுக்க மணலோடு கிடப்பவர். எண்ணெய்க் கிணறுகளுக்குள் செலுத்துவதற்காக மணலைத் தோண்டி, கழுவி, காயவைத்து விற்கும் சுரங்கம் ஒன்றில் அவருக்கு வேலை. மேற்கு டெக்சாஸில் அந்தப் பக்கம் பாதிப் பேர் அப்படித்தான். அதனால், கடைசி நாள் எங்கே போகலாம் என்று கேட்டபோது மகள் லேனி மணற்குன்றுப் பூங்காவைச் சொன்னதும், காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"அங்கேயும் மணல்தான் இருக்கும் குட்டி."

"தெரியும்பா. நான் பார்த்ததில்லையே."

அவருடைய டிரெய்லர் வீட்டில் லேனி ஒரு மாதமாக இருந்தாள். மறுநாள் அம்மா வந்து கூட்டிப்போய்விடுவாள். அம்மாவுக்கு மறுமணம். அதற்குப் பிறகு ஆரிகனில் வீடு. அங்கிருந்து இங்கே வர இரண்டு நாள் கார் ஓட்ட வேண்டும். போன வாரம் ஃபோனில் அம்மா தெளிவாகவே சொல்லியிருந்தாள்: "உங்கப்பா வாயைத் திறந்து, இவ இங்கேயே இருக்கட்டும்னு சொன்னா நான் குறுக்கே நிக்க மாட்டேன். ஆனா அவர் சொல்லணும். நீ கெஞ்சக் கூடாது."

லேனி கெஞ்சவில்லை. பாத்திரம் கழுவினாள், அவர் பகலில் தூங்கும்போது டிவியைச் சத்தமில்லாமல் பார்த்தாள், அந்த ஒரு வாக்கியத்துக்காகக் காத்திருந்தாள். இன்னும் வரவில்லை.

ராத்திரி ஷிஃப்ட் முடிந்து, சட்டையைக்கூட மாற்றாமல் அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். பூங்கா அலுவலகத்தில் சறுக்குத் தட்டுகளை வாடகைக்குக் கொடுத்த நெல்டா என்ற பெண், அவர் சட்டையில் இருந்த சுரங்கத்தின் பெயரைப் படித்துவிட்டு, "லீவு நாள்லயும் மணலா? எங்க மணலையாவது விட்டுவைங்க சார்" என்றாள். அவர் சிரித்தார். லேனி இரண்டு தட்டு கேட்டு வாங்கிக்கொண்டாள். மஞ்சள் பிளாஸ்டிக் தட்டுகள். அடியில் தேய்க்க ஒரு மெழுகுக் கட்டி.

பிக்அப் வண்டியை மேட்டடியில் நிறுத்தியதுமே அவருடைய இமைகள் இறங்கிவிட்டன. "அஞ்சு நிமிஷம் கண்ணை மூடிக்கிறேன். நீ ஏறிக்கிட்டே இரு, வந்துடறேன். கொடி தெரியற தூரத்திலேயே இரு."

கொடி என்றது வண்டியின் பின்னால் நெட்டையான கம்பியில் பறக்கும் ஆரஞ்சுத் துணி. சுரங்கக் குழிக்குள் ராட்சத லாரிகளை ஓட்டுபவர்களுக்கு, கீழே ஓடும் சின்ன வண்டிகள் தெரியாது. கொடி இல்லாத வண்டியை உள்ளே விடமாட்டார்கள். லீவு நாளில் அதைக் கழற்றி வைக்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

அவள் கதவைச் சாத்துவதற்குள் தூங்கிவிட்டார்.

மணல் அவள் நினைத்ததைவிட மென்மையாக இருந்தது. ஒரு அடி ஏறினால் அரை அடி கீழே இழுத்தது. முதல் மேட்டில் ஒரு குடும்பம் சறுக்கிக்கொண்டிருந்தது. குழந்தைகள், குளிர்பானப் பெட்டி, எல்லோரையும் துரத்தும் ஒரு நாய். அந்த வீட்டுப் பெண் லேனியின் கையில் இருந்த இரண்டு தட்டுகளையும் பார்த்துவிட்டு, தனியாகவா வந்திருக்கிறாய் என்று விசாரித்தாள். அப்பா பின்னால் வருகிறார் என்றாள் லேனி. சொன்ன பிறகு அங்கே நிற்க முடியவில்லை. அப்பா வராததை அவர்கள் பார்க்கக் கூடாது என்பதற்காகவே அடுத்த மேட்டுக்குப் போனாள். பிறகு அதற்கும் அடுத்தது.

ஒவ்வொரு உச்சியிலும் திரும்பிப் பார்த்தாள். தூரத்தில் ஆரஞ்சுப் பொட்டு தெரிந்தது. ஒரு தடவை மட்டும் சறுக்கினாள். கீழே போய் நின்றதும் பேச்சுக்கு ஆளில்லை. முழங்கால் உயரமே இருந்த ஓக் செடிகளின் நிழலில், தலை ஒன்றுக்குத்தான் இடம் இருந்தது. தலையை நிழலில் வைத்துக் காலை வெயிலில் நீட்டிப் படுத்தாள். அப்பா எந்தச் சொற்களால் அதைச் சொல்வார் என்று யோசித்தாள். 'இங்கேயே இரேன்' என்பார். அவ்வளவுதான். அவர் நீளமாகப் பேசுகிற ஆள் இல்லை.

எழுந்து மேலே ஏறிப் பார்த்தபோது கொடி இல்லை.

வேறு மேட்டில் ஏறிப் பார்த்தாள். அங்கிருந்தும் இல்லை. அவள் நடந்து வந்த கால்தடங்களைக் காற்று அழித்திருந்தது. எல்லா மேடும் ஒரே மேடு. தொலைவில் எண்ணெய்ப் பம்பு ஒன்று தலையாட்டிக்கொண்டிருந்தது.

போய்விட்டார் என்று நினைத்தாள். அவளுக்கு ஆறு வயதில் ஒரு காலையில் அவர் இதே வண்டியில்தான் வீட்டைவிட்டுப் போனார். ஜன்னலில் நின்று கையாட்டியவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அதனால் இப்போது அதை நம்புவது சுலபமாக இருந்தது. அவ்வளவு சுலபமாக இருந்ததுதான் அவளைப் பயமுறுத்தியது. வாய் வறண்டு, பல்லுக்கிடையில் மணல் நறநறத்தது.

அப்போது, அவள் பார்க்காத ஒரு பக்கத்தில், மேட்டின் விளிம்புக்கு மேல் ஆரஞ்சுத் துணி எழுந்தது. வண்டியே மணலில் ஏறி வருகிறது என்று முதலில் நினைத்தாள். பிறகு அதற்குக் கீழே ஒரு தொப்பி வந்தது. தொப்பிக்குக் கீழே அப்பா. கம்பியைக் கழற்றித் தூக்கிக்கொண்டு, இரும்பு முனை பூட்ஸ் கால் புதையப் புதைய ஏறிக்கொண்டிருந்தார். உச்சியில் நின்று கம்பியை உயர்த்திப் பிடித்தார். வாய் அசைந்தது. காற்று அதை வேறெங்கோ கொண்டுபோனது.

அவர் பார்த்தது எதிர்ப்பக்கம். லேனி உடனே கையாட்டியிருக்கலாம். ஆட்டவில்லை. தன்னை ஒருவர் தேடுவதை அவள் இதுவரை பார்த்ததில்லை. இன்னும் கொஞ்சம் பார்த்துக்கொண்டாள். அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்த பிறகுதான் மஞ்சள் தட்டைத் தலைக்கு மேல் தூக்கினாள்.

அவள் அருகில் போய்ச் சேர்ந்ததும் அவர் திட்டினார். கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது என்றார். குழிக்குள் ஆள் தெரியவில்லை என்றால் ஓடித் தேடக் கூடாது, மேட்டில் ஏறிக் கொடியைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்பதுதான் தங்கள் வழக்கம் என்றார்.

"கொடியைக் காணோம்பா. நீங்க போயிட்டீங்கன்னு நினைச்சேன்."

"உன்னை விட்டுட்டா?"

அவள் தட்டில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டாள். அவர் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றி மணலைக் கொட்டினார். நிறைய நேரம் கொட்டிக்கொண்டிருந்தார். இப்போது சொல்வார் என்று அவளுக்குத் தோன்றியது.

"உங்கம்மா என்கிட்டயும் சொன்னா" என்றார். "இன்னைக்கு வண்டியில எப்படித் தூங்கினேன் பாத்தல்ல. தினமும் அப்படித்தான் இருக்கும் குட்டி. நான் கண்ணை முழிக்கும்போது நீ எங்கே இருப்பேன்னு எனக்குத் தெரியாது."

"நான் தூரமாப் போக மாட்டேன்."

சொன்ன பிறகுதான் அது கெஞ்சல் என்று உறைத்தது. அவர் கம்பியை மணலில் ஆழமாக ஊன்றினார். ஊன்றிய பிறகும் கையை எடுக்கவில்லை. அந்த வாக்கியம் வரவில்லை.

பிறகு தட்டுகளைப் பார்த்து, "ரெண்டு தட்டு எடுத்துட்டு வந்திருக்கியே" என்றார். இருவரும் சறுக்கினார்கள். அவர் கனத்துக்குத் தட்டு பாதியிலேயே சிக்கி, குப்புற விழுந்து உருண்டார். லேனி சிரித்தாள். அவரும் சிரித்தார். தட்டுகளைத் திருப்பிக் கொடுக்கும்போது நெல்டா, உங்கள் மணல் நல்லதா எங்கள் மணல் நல்லதா என்று கேட்டாள். "உங்களுது இன்னும் கழுவாதது" என்றார் அவர். வீட்டில் இறங்கும்போது, நாளைக்கு அம்மா எந்த ரோட்டில் போவாள் என்று விசாரித்தார். சுரங்கத்தைத் தாண்டிப் போகும் ரோடுதான் என்றாள் லேனி.

மறுநாளிலிருந்து அவருக்குப் பகல் ஷிஃப்ட். அம்மா வந்தபோது அவர் வீட்டில் இல்லை.

அம்மாவின் கார் சுரங்கத்தை நெருங்கியதும், கொஞ்சம் மெதுவாகப் போகச் சொன்னாள் லேனி. அம்மா வேகத்தைக் குறைத்தாள். கழுவிக் குவித்த வெள்ளை மணலுக்குப் பின்னால் ஆரஞ்சுக் கொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. எல்லாம் ஒரே நிறம், ஒரே உயரம். எது அவருடையது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஒன்று மட்டும் குவியலின் உச்சியில் நகராமல் நின்றது. அது வண்டியில் இருக்கிற கொடியா, ஆள் பிடித்திருக்கிற கொடியா என்று அவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை. ரோடு வளையும்வரை பார்த்துக்கொண்டே போனாள்.