துரைக்குத் தைத்த காக்கிச் சட்டை

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை. உத்திரமேரூர் கடைத்தெருவில், பாண்டுரங்கனின் தையற்கடைக் கொடியில் அது தொங்கிக்கொண்டிருந்தது. எண்பத்தொன்றாம் வருஷம், பங்குனி வெயில். என் சட்டை தயாராகிவிட்டதா என்று பார்க்கப் போயிருந்தேன். தயாராகவில்லை. (சொன்ன நாளில் சட்டை கொடுத்த தையற்காரர் யாராவது உங்கள் ஊரில் இருந்தால் எனக்கு விலாசம் எழுதுங்கள்.) என் சட்டை தொங்கவேண்டிய இடத்தில் காக்கி கான்வாஸில் குட்டியாக ஏதோ ஒன்று. இரண்டு பக்கமும் மூடி வைத்த பைகள், பள்ளிக்கூட பெல்ட்டிலிருந்து எடுத்த பக்கிள்கள். குழந்தைக்கு என்று நினைத்தால், கை நுழைய வழியே இல்லை.

யாருக்கு என்று கேட்டேன். பாண்டுரங்கன் வாயில் கவ்விய ஊசியை எடுக்காமலே, காவாந்தண்டலத்தில் ஒரு நாய்க்கு என்றார்.

ஒரு நாய்க்குப் பின்னால் வரிசையில் நிற்கிறேனா என்று எனக்குக் கோபம் வந்தது. கோபம் போன கையோடு கதை வந்தது. மறுநாளே காவாந்தண்டலத்துக்கு பஸ் ஏறினேன்.

2

முதல் தொடக்கம்:

"காவாந்தண்டலத்தில் பாஞ்சாலி என்றொருத்தி இருந்தாள். பாவம், அவளுடைய வலது கை—"

அடித்துவிட்டேன். அடிக்கச் சொன்னது பாஞ்சாலியேதான். எழுதப் போகிறேன் என்றதும் அவள் போட்ட ஒரே நிபந்தனை இது:

"இன்னா வேணா எழுதிக்க. பாவம்னு மட்டும் எழுதாத. அப்டி சொல்றவங்க வூட்டுப் பக்கமே நான் போறதில்ல."

இரண்டாவது தொடக்கம்:

"மனிதனுக்கும் நாய்க்கும் உள்ள உறவு ஆதிகாலந்தொட்டே—"

இதை அடித்தது என் மனைவி. பரீட்சையில் எழுதப் போகிறீர்களா என்று கேட்டாள்.

மூன்றாவது, அலங்காரம் இல்லாதது. பாஞ்சாலிக்கு நாற்பது வயது. கணவன் கன்னியப்பன் ஏரித் தண்ணீரில் நெல்லும் கரும்பும் போடுகிறவன். ஒரு வருஷம் வெல்ல ஆலையில் கரும்பை உருளைக்குள் தள்ளும்போது அவளுடைய வலது கை மணிக்கட்டோடு போயிற்று. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி ஒரு வேண்டுதல் வைத்தாள். பிழைத்து எழுந்தால் மலையேறி, உச்சியில் தன் கையால் கற்பூரம் ஏற்றுவதாக. எந்தக் கை என்று சாமியும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

எந்த மலை? பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அந்தப் பக்கத்து வாசகர்கள் படிகளை எண்ணிப் பார்த்துவிட்டுத் தபால் போடுவார்கள். செய்யாற்றைத் தாண்டி மேற்கே ஒரு மலை. அவ்வளவு போதும்.

3

சித்ரா பௌர்ணமிக்கு காவாந்தண்டலத்திலிருந்து ஒரு கூட்டம் அங்கே போகும். பஞ்சாட்சரம் என்ற பெரிய விவசாயி அதற்குத் தலைவர். கூட்டத்துக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு: அவரவர் மூட்டையை அவரவர்தான் சுமக்கவேண்டும். தண்ணீர், கட்டுச்சோறு, தேங்காய் எல்லாம் சேர்ந்துதான் மூட்டை. மேலே குடிக்கச் சொட்டுத் தண்ணீர் கிடையாது. அடுத்தவர் தூக்கிக்கொண்டு வந்தால் பலன் தூக்கினவருக்குப் போய்விடும்.*

* அப்படியென்றால் பாஞ்சாலியின் கதையைத் தூக்கிக்கொண்டு அலைகிற எனக்கு ஏதாவது பலன் உண்டா என்று பஞ்சாட்சரத்தைக் கேட்டேன். கதைக்கெல்லாம் அந்தச் சட்டம் செல்லாது என்றுவிட்டார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. இரண்டு தடவை பாதியில் திரும்பியவர் மூன்றாவது தடவையும் திரும்பினால், வேண்டுதலை வீட்டில் வேறொருவர் பேருக்கு மாற்றிவிடவேண்டும். பாஞ்சாலி இரண்டு தடவை திரும்பியிருந்தாள். இதுதான் மூன்றாவது.

கெட்டிக்கார வாசகர் இங்கே கையைத் தூக்குவார். தலையில் சுமக்கலாமே? முதுகில் ஒரு பை மாட்டினால் தீர்ந்ததே? நானும் கேட்டேன், வாங்கிக் கட்டிக்கொண்டேன். பாதி மலைக்கு மேல் செங்குத்துப் பாறை. படி வெட்டி, பிடித்துக்கொள்ளச் சங்கிலி போட்டிருக்கிறார்கள். தலைச்சுமை அங்கே நிற்காது. முதுகுப் பை ஒரு பக்கமாகச் சரிந்து ஆளை இழுக்கும். இரண்டு கை உள்ளவர்கள் ஒன்றால் சங்கிலியைப் பிடித்து இன்னொன்றால் பையைத் தள்ளிக்கொள்வார்கள். அவள் எதை விடுவது? இரண்டு வருஷமும் அந்தப் பாறைதான் அவளைத் திருப்பி அனுப்பியது.

இரண்டாவது வருஷம் அவள் பின்னாலேயே வீட்டு நாயும் வந்து, அவள் சுமந்த தண்ணீரில் பாதியைக் குடித்திருக்கிறது. செம்பட்டை நிறம், பூனைக்கண். அதனால் அதன் பெயர் துரை. இறங்கி வரும்போது பாஞ்சாலிக்கு ஒன்று தோன்றியது. குடிக்கிற துரை தூக்கினால் என்ன?

4

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி இது. அவசரக்காரர்கள் அடுத்த எண்ணுக்குப் போகலாம்.

முதலில் வண்ணார் வீட்டுக் கழுதைப் பொதியைப் பார்த்துக் கோணிப்பையில் ஒன்று கட்டினாள். துரை அதோடு முள்வேலிக்குள் நுழைந்து, அது இல்லாமல் வெளியே வந்தது. அடுத்தது தோல். பாரமும் அதிகம், வாசனையும் அதிகம். இரண்டாம் நாளே துரை அதைத் தின்றுவிட்டது. கடைசியில் ஒரு பழைய மிலிட்டரிப் பையின் கான்வாஸை எடுத்துக்கொண்டு பாண்டுரங்கனிடம் வந்தாள்.

பாண்டுரங்கன் தன் ஆயுளில் நாய்க்குத் தைத்தவர் அல்ல. ரவிக்கைக்கு அளவெடுப்பதுபோல மார்பு, இடுப்பு, தோள் என்று எடுத்துவிட்டு, கை நீளம் கேட்டாராம். துரையை உட்காரவைத்து எடுத்த அளவு என்பதால், நடந்தபோது முன்னங்கால் கக்கத்தில் உரசிப் புண்ணாயிற்று. பிரித்து, நிற்கவைத்து அளந்து, உள்பக்கம் பழைய வேட்டித் துணி மடித்துவைத்துத் தைத்தார். பைகளுக்கு முதலில் சட்டைப் பைபோல மூடியே இல்லை. துரை ஒரு தடவை உடம்பை உதறியதும் தேங்காய் கடைத்தெருவில் உருண்டது. அப்புறம் மூடி வந்தது, பிரஸ் பட்டன் வந்தது.

முடிச்சு வேண்டாம், பக்கிள்தான் வேண்டும் என்று பாஞ்சாலி முதல் நாளிலிருந்தே சொல்லிவந்தாள். முடிச்சுக்கு இரண்டு கை வேண்டும். பக்கிளுக்கு ஒன்று போதும், பல் இருந்தால்.

சுமையைப் பிரிக்கும் கணக்கும் அவளுடையதே. இந்தப் பக்கம் ஒரு சின்னத் தண்ணீர் டப்பா, அந்தப் பக்கம் ஒன்று. ஒரு மடக்கு இதிலிருந்து குடித்தால் ஒரு மடக்கு அதிலிருந்து. இல்லாவிட்டால் துரை ஒருக்களித்து நடக்கும். பட்டைக்கும் உடம்புக்கும் நடுவில் இரண்டு விரல் நுழையவேண்டும். மூன்று நுழைந்தால் தளர்ச்சி, ஒன்றுதான் என்றால் பாவம். (இந்தப் 'பாவம்' துரைக்கு. இதற்கு அவள் அனுமதி உண்டு.)

பெரிய பட்டையைக் கழுத்தில் வைக்கவேண்டும் என்றது கன்னியப்பன். பரம்பரையாக மாடு பூட்டுகிறவன் வேறு எங்கே வைப்பான்? யாருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. ஏரிக்கரையில் கூட்டிப்போய்ப் பழக்கினார்கள். எங்கள் பக்கம் உயரமான இடம் என்றால் ஏரிக்கரைதான். துரை அதன்மேல் வாலைத் தூக்கிக்கொண்டு நடந்தது. பை இம்மியும் அசையவில்லை. நாய்க்கு வேலையுமில்லை, நிற்க நேரமுமில்லை என்பார்களே, இதற்கு இப்போது இரண்டும் கிடைத்துவிட்டது என்று ஊர் சிரித்தது.

5

கதைக்கு ஒரு வில்லன் வேண்டும். கன்னியப்பனை வைத்து முயன்றேன்.

"கன்னியப்பன் மீசையை முறுக்கி, நொண்டிக் கைக்கு மலை ஒரு கேடா என்று—"

பொய். அவன் அப்படிச் சொல்லவே இல்லை. நான் சுமந்துகொண்டு வருகிறேன், நீ வெறுங்கையோடு வா என்றுதான் இரண்டு வருஷமாகக் கெஞ்சினான். பிரியத்தில் சொன்னது. அந்தப் பிரியம்தான் அவளுக்கு மலையைவிடச் செங்குத்தாக இருந்தது. பஞ்சாட்சரத்தையாவது கெட்டவராக்கலாம் என்றால், அவரும் நாயைக் கூட்டிவரக் கூடாதென்று சொல்லவில்லை. கற்பூரத்தை மட்டும் நாயிடம் கொடுக்காதே, இடுப்பில் முடிந்துகொள் என்றார். ஆகவே இந்தக் கதையில் வில்லன் இல்லை. பாறை உண்டு.

6

விடியலில் ஏறத் தொடங்கினார்கள். அடிவாரத்தில் துரை புதுமாப்பிள்ளைபோல நின்றது. காட்டுப் பாதை முழுக்க முன்னால் ஓடி, திரும்பி வந்து, மறுபடி ஓடியது. பாஞ்சாலி இடது கையை வீசிக்கொண்டு நடந்தாள். இவ்வளவு லேசாக அந்த மலையில் அவள் நடந்ததே இல்லை.

பாறை வந்தது. துரை படியில் முன்னங்காலை வைத்து ஏறியதும் சுமை முழுவதும் பின்னால் சரிந்து இடுப்பில் விழுந்தது. கழுத்துப் பட்டை தொண்டையை இறுக்கியது. துரை கக்கி இருமி, அப்படியே உட்கார்ந்துவிட்டது. ஏரிக்கரையில் பழக்கின சட்டைக்கு மேடு என்று ஒன்று இருப்பதே தெரியாது. சமவெளிக்காரர்கள் நாங்கள். எங்களில் யாருக்கும் அது தோன்றவில்லை.

(வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்தது என்று இங்கே எழுதவேண்டும். எழுதவில்லை. தாழி உடையவில்லை.)

கூட்டம் பின்னால் நெருங்கி நின்றது. பஞ்சாட்சரம் தணிந்த குரலில்தான் சொன்னார்: "போதும்மா. மூட்டைய கன்னியப்பன்கிட்ட குடுத்துடு. வேண்டுதல அவன் பேருக்கு மாத்திக்கலாம்."

கன்னியப்பன் கையை நீட்டினான்.

பாஞ்சாலி அந்தக் கையைப் பார்க்கவில்லை. துரையின் பக்கத்தில் உட்கார்ந்து, பை மேலும் சரியாமல் வலது முழங்கையால் அழுத்திக்கொண்டு யோசித்தாள். மாடு கழுத்தால் இழுக்கிறது, சுமை பின்னால் வண்டியில் இருக்கிறது. இதற்குச் சுமை முதுகிலேயே இருக்கிறது. அப்படியானால் தடுத்து நிறுத்தவேண்டியது கழுத்து இல்லை, நெஞ்சு. பக்கிளைக் கழற்றினாள். கழுத்துப் பட்டையைத் தொண்டைக்குக் கீழே இறக்கி, மார்புக்குக் குறுக்கே கொண்டுவந்தாள். இரண்டு பையையும் தோளுக்கு மேலாக முன்னால் தள்ளினாள். கன்னியப்பன் குனிந்து பட்டையின் நுனியைப் பிடித்தான்.

"தொடாத."

"பக்கிள் மாட்றதுதானே. தூக்கறது இல்லியே."

"அதுவும் என் சுமதான்."

அவன் கையை எடுத்துக்கொண்டான். அவள் பட்டை நுனியைப் பல்லில் கவ்வி, இடது கையால் பக்கிளுக்குள் நுழைத்து, தலையைப் பின்னால் சாய்த்து இழுத்தாள். வயிற்றுப் பட்டையையும் அப்படியே. இரண்டு விரலை விட்டுப் பார்த்தாள். சரியாக நுழைந்தது. துரை எழுந்து, மூக்கிலிருந்து வால்வரை உடம்பை உதறியது. சட்டை அசையவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதும்போது என் கை சும்மா இருக்கவில்லை, மேஜையைத் தட்டிக்கொண்டே எழுதினேன். துரை ஒரு படி, அவள் ஒரு படி. இடது கையில் சங்கிலி. எந்தப் பக்கமும் அவளை இழுக்க எதுவும் இல்லை. இரண்டு வருஷம் திருப்பி அனுப்பிய பாறை இந்தத் தடவை அவள் காலுக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது. கூட்டத்தில் யாரோ கோவிந்தா போட்டார்கள். போடவேண்டியது அரோகரா. யாரும் திருத்தவில்லை.

உச்சியில் பஞ்சாட்சரம் மூச்சு வாங்கிக்கொண்டே தன் கடமையைச் செய்தார். "தண்ணியும் சோறும் நாய்தான் தூக்கிக்கினு வந்துது. சட்டப்படி பாத்தா பாதிப் பலன் அதுக்குத்தான் போவும்."

"போவட்டுமே நைனா," என்றாள் பாஞ்சாலி. "அதுவும் எங்க வூட்லதானே கீது."

முதலில் சிரித்தது பஞ்சாட்சரம்தான். அவள் இடுப்பு முடிச்சை அவிழ்த்துக் கற்பூரத்தைக் கல்லின்மேல் வைத்தாள். தீப்பெட்டியை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு இடது கையால் குச்சியைக் கிழித்தாள். முதல் குச்சி காற்றில் போயிற்று. இரண்டாவதும் போயிற்று. காற்றை மறைத்து யாரும் கை நீட்டவில்லை. அதற்குள் எல்லாரும் அவளைப் புரிந்துகொண்டிருந்தார்கள். மூன்றாவது பிடித்தது. கன்னியப்பன் அழுதான், மறைக்காமலே அழுதான்.

7

முடிவு எழுதவேண்டும். மூன்று வைத்திருந்தேன்.

ஒன்று: அடுத்த வருஷம் காவாந்தண்டலத்தில் எல்லாரும் ஆளுக்கொரு நாயோடு மலைக்குப் புறப்படுகிறார்கள். நடக்கவில்லை. எல்லார் வீட்டு நாயும் துரை ஆகிவிடாது.

இரண்டு: துரை உச்சியில் உயிரை விடுகிறது. இலக்கிய நண்பர் ஒருவர் யோசனை. சோகம் இல்லாவிட்டால் கதை நிற்காதாம். நிற்காவிட்டால் உட்காரட்டும். துரையைக் கொல்லமாட்டேன்.

மூன்று: அவர்கள் பத்திரமாக இறங்கி வீட்டுக்கு—

இதுதான் முடியவில்லை. எனக்கு அவளைக் கீழே இறக்க மனசில்லை. அவள் மேலே நிற்கிறாள். நாலா பக்கமும் காற்று. கிழக்கே, எங்கேயோ தூரத்தில், தட்டையான எங்கள் ஊர்களும் ஏரிகளும். அவள் இந்த டப்பாவிலிருந்து ஒரு மடக்குக் குடித்துவிட்டு, அந்த டப்பாவிலிருந்து துரைக்கு ஊற்றுகிறாள்.

இறங்கும்போது சுமை முன்னால் சரியும். அதற்குப் பட்டையை வேறு விதமாக மாட்டவேண்டும். எப்படி என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்தால் இறக்கிப் பாருங்கள். ஆனால் உதவி செய்கிறேன் என்று பக்கிளில் மட்டும் கை வைத்துவிடாதீர்கள். அவள் என்ன சொல்வாள் என்று உங்களுக்கே தெரியும்.