அளக்காத காற்று

கடற்கரையோர எண்ணெய் வயலில் இன்னும் ஒரு குழிகூடத் தோண்டவில்லை. ஆனால் ஆறாவது மாடியில், அக்காவின் கணினித் திரையில், முழு வயலும் எழுந்து நின்றது: கிணறுகள், குழாய்கள், எரிவாயுவைக் கொளுத்தும் கோபுரம், வேலையாட்கள் படுத்துறங்கும் கொட்டகை. படம் வரைகிற அவள் அந்த ஆபீசில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அக்காதான்.

முடிவாகாத சமாச்சாரத்தைச் சுற்றி மேகம் போலச் சிவப்புக் கோடு போடுவது அவர்கள் தொழில் வழக்கம். கொட்டகையைச் சுற்றிப் போட்டிருந்தாள். அங்கே காற்று எந்தப் பக்கம் வீசுமென்று யாரும் அளக்கவே இல்லை. வாயு கசிந்து காற்று கொட்டகைப் பக்கம் திரும்பினால், தூங்குகிறவன் தூக்கத்திலேயே போய்விடுவான்.

மேனேஜர் வந்து எட்டிப் பார்த்தார். "அந்தச் செவப்ப எடுத்துடும்மா. போன ப்ராஜெக்ட் காத்துக் கணக்கையே எடுத்துப் போடு."

"அது வேற கடற்கரை சார்."

"காத்துல என்னம்மா வேற? அடுத்த கட்டத்துல பாத்துக்கலாம்."

அடுத்த கட்டம்! அந்த ஆபீசின் எல்லாத் தலைவலியும் குடிபோகிற ஊர் அது. அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் தம்பி வெல்டர். இப்படி ஒரு கொட்டகையில்தான் படுக்கிறான்.

"மாட்டேன் சார்."

"உன் கான்ட்ராக்ட் இந்த மாசத்தோட முடியுது. ஞாபகம் இருக்கட்டும்."

"நல்லாவே இருக்கு."

இந்தப் படங்களுக்குக் காசு கொடுக்கிற எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் உட்கார்ந்திருந்த கூட்ட அறைக்கு நேரே போய் விஷயத்தைச் சொன்னாள். அவர்களில் மூத்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"காத்து அளக்குற செலவ வெட்டச் சொன்னதே நாங்கதாம்மா."

"அப்ப நீங்க போய் அங்க படுங்க."

மேசையில் விரித்திருந்த படத்தில், கொட்டகையைச் சுற்றிப் பேனாவால் அழுத்தி ஒரு மேகம் போட்டாள். தாள் கிழிந்தது.

மதியத்துக்குள் அவள் அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள். பையோடு வெளியே வரும்போது பெரிய பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது. வந்து விழுந்த படத்தை எடுத்துப் பார்த்தாள். கொட்டகையைச் சுற்றி ஒன்றுமில்லை, துடைத்து வைத்தாற்போல் இருந்தது. மூலையில், வரைந்தவர் என்ற கட்டத்தில், அவள் பெயர்.

கூட வந்த காவலாளி பதறினார். "அக்கா, அதத் தொடாதீங்க. என்னத் திட்டுவாங்க."

"எம்பேர நான் எடுத்துக்கறேண்ணா. மிச்சத்த அவங்களே வச்சிக்கட்டும்."

மூலையைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டாள். பிரிண்டர் அடுத்த தாளைத் தள்ளியது. அதையும் கிழித்தாள். அதற்கடுத்தது வந்துகொண்டிருந்தது.